மாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோன் போட்டிருக்கிறார்களா? சோதனை வழிகளில் எது யாருக்குப் பொருந்தும்

பெங்களூரில் பால், இறைச்சியில் தங்கும் மருந்து எச்சத்தைச் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மூன்று விதமான ஆட்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஓசூர், ஆனேக்கல் பக்கம் பால் எடுக்கும் சின்னக் கம்பெனிக்காரர்கள், எருமை இறைச்சி ஏற்றுமதியில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர்கள், ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் ஆய்வுக்குத் தலைப்பு தேடும் நம்ம ஊர்ப் பிள்ளைகள். "மாட்டுக்கு ஹார்மோன் போட்டிருக்காங்களான்னு கண்டுபிடிக்கணும், எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான் கேள்வி. மெஷினிலிருந்து தொடங்கினால் பணம் போய்விடும். மருந்தையே தேடப் போகிறீர்களா, அந்த மருந்து மாட்டின் உடம்பில் செய்துவிட்டுப் போன வேலையைத் தேடப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு ஆறு ஹார்மோன்களுக்கு அனுமதி உண்டு: எஸ்ட்ராடியால், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் என்று உடம்பிலேயே சுரப்பவை மூன்று, டிரென்போலோன், செரானால், மெலெஞ்செஸ்ட்ரால் என்று வெளியிலிருந்து வருபவை மூன்று. ஐரோப்பாவில் எல்லாமே தடை. 1980இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான கன்று இறைச்சி உணவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை எஸ்ட்ரோஜன் கிடந்தது வெளியே வந்து, 1981இலிருந்து படிப்படியாகச் சட்டம் இறுகி, 1996இல் வந்த உத்தரவு இன்றைய தடைக்கு அடிப்படையானது. தடை வந்ததும் கள்ளச்சந்தையும் வந்தது. பெல்ஜியத்தில் இந்த ஹார்மோன் கும்பலைத் துரத்திய கால்நடை ஆய்வாளர் கரேல் வான் நோப்பன் 1995இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு பணம் புரண்ட தொழில் இது. ஒரே மருந்தை அதிகமாகப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் நாலைந்து மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் கருவியின் கண்ணுக்குத் தப்பும் அளவு, எல்லாம் சேர்ந்தால் மாடு கொழுக்கும். பயோமார்க்கர் ஆராய்ச்சிக்கு வேகம் கொடுத்தது இந்தக் கலவைதான்.

நம் பக்கத்தின் நிலைமை வேறு. கர்நாடகத்தில் 2021இலிருந்து நடப்பில் இருக்கும் சட்டப்படி பசு, காளை, கன்று எதையும் வெட்ட முடியாது, 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும் அனுமதி. அதனால் ஐரோப்பியக் கட்டுரைகளில் வரும் கன்று இறைச்சிப் பண்ணை உதாரணங்களை அப்படியே தூக்கி இங்கே வைக்கக் கூடாது. நம்மிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் கறவை மாட்டைப் பற்றியவை, அடுத்து வேறு மாநிலங்களிலிருந்து வரும் ஏற்றுமதி எருமை பற்றியவை.

## எதை வைத்து எடை போடுவது

விலைப்பட்டியலைக் கீழே வைத்துவிட்டு இவற்றுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

நீங்கள் சந்தேகப்படுவது உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோனா, வெளி மருந்தா? டிரென்போலோன் மாட்டின் உடம்பில் தானாக வராது, இருந்தாலே யாரோ போட்டது. டெஸ்டோஸ்டிரோன் எல்லா மாட்டிலும் இருக்கும், "இருக்கிறது" என்ற முடிவு எதையும் சொல்லாது.

ஊசி போட்டு எத்தனை நாள் கழித்து மாதிரி எடுக்க முடியும்? மாடு உயிரோடு இருக்குமா, வெட்டிய பிறகா? முடிவு வந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? கோர்ட்டுக்குப் போவதா, பண்ணைக்காரரை எச்சரித்து நிறுத்துவதா, கொள்முதலை மாற்றுவதா? ஒரு தப்பான பாசிட்டிவ் வந்தால் யார் தலையில் விழும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாலு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் பாலை ஒரு வாரம் வாங்காமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் கிட்டைத் தொட வேண்டும்.

## எலிசா கிட்

ஆன்டிபாடியை வைத்து மருந்தைப் பிடித்து, நிற மாற்றத்தில் அளவு காட்டும் சோதனை. மலிவு, வேகம், பழக எளிது. ரீடர் சில லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தட்டில் 96 குழிகள், அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களான ஸ்டாண்டர்டுகள் ஆறை இரண்டிரண்டாகப் போட்டால் 12 போய்விடும், மீதியில் 42 மாதிரிகளை இரட்டையாக ஓட்டலாம்.

மறைந்திருக்கும் செலவும் அந்தத் தட்டிலேதான். உங்களிடம் வாரத்துக்கு எட்டு மாதிரிதான் வருகிறது என்றால் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டர்டுக்கே 12 குழி செலவாகும், கிட் காலாவதியாகும். கிட் ஒரு மருந்தை மட்டும் பிடிப்பதில்லை, அதைப் போன்ற மூலக்கூறுகளையும் சேர்த்துப் பிடிக்கும். செரானால் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத் தீவனத்தில் ஃபியூசேரியம் பூஞ்சை வந்தால் செராலினோன் என்ற நச்சு உண்டாகும், அதை மாடு தின்றால் உடம்பிலேயே ஓரளவு செரானாலாக மாறி மூத்திரத்தில் வரும். மழைக்காலத்தில் ஈரம் பட்ட மூட்டையைத் தின்ற மாடு, எந்தத் தப்பும் இல்லாமல் பாசிட்டிவ் காட்டும். பசுவுக்கென்று சரிபார்த்த கிட்டை எருமைக்கு ஓட்டுவதும் இன்னொரு பிரச்சினை. எருமை மாதிரியில் நீங்களே சரிபார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

முதல் சல்லடையாக வைக்க எலிசா நல்லது. எலிசா எண்ணை மட்டும் காட்டி ஒருவர் மேல் பழி போடுவது கூடாது.

## எல்சி-எம்எஸ்எம்எஸ்

மருந்தையே நேராகப் பிடிக்கும் வழி: மாதிரியில் இருப்பவற்றைப் பிரித்து (எல்சி), ஒவ்வொரு மூலக்கூறையும் எடை போட்டு அடையாளம் காணும் (எம்எஸ்எம்எஸ்) கருவி. மூலக்கூறின் எடை, அது உடையும்போது வரும் துண்டுகள், அந்தத் துண்டுகளின் விகிதம், பிரிக்கும் குழாயிலிருந்து (column) வெளிவரும் நேரம் எல்லாம் பொருந்தினால்தான் "இருக்கிறது" என்று எழுதுவோம். சட்டத்தின் முன் நிற்கும் முடிவு இதுதான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகப் பிரிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற லேபில் ஆய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறதே, அதில் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடிய தரவு இதில் கிடைக்கும்.

கருவி கோடிகளில். அதைவிடக் கடிப்பது பின்னால் வரும் செலவு: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், நைட்ரஜன், ஏசி, யூபிஎஸ், ஒவ்வொரு மருந்துக்கும் ஐசோடோப்பு குறியிட்ட ஸ்டாண்டர்டு, இதை ஓட்டத் தெரிந்த ஆள். ஆளைப் பழக்கி முடிக்கும் நேரத்தில் வேறு கம்பெனி அதிகச் சம்பளம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகும். சின்னக் கம்பெனி இந்தக் கருவியை வாங்கக் கூடாது, தேவைப்படும்போது வெளி லேபுக்கு மாதிரி அனுப்பினால் போதும்.

இதன் பெரிய பலவீனம், தேடச் சொன்னதை மட்டும்தான் தேடும். பட்டியலில் இல்லாத புது மருந்து கண்ணில் படாது. இயற்கை ஹார்மோன் விஷயத்தில் அளவு மட்டும் தெரியும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வெளி மருந்து என்று நினைப்பவையும் சில சமயம் உள்ளிருந்தே வரும்: சினைப் பசுவின் மூத்திரத்தில் 17-ஆல்ஃபா நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு வருவது இயல்பு. தையோயுராசில் என்ற தைராய்டு அடக்கும் மருந்து, முட்டைக்கோசு, கடுகு வகைத் தீவனம் தின்ற மாட்டிலும் கொஞ்சம் தெரியும். கடுகுப் புண்ணாக்கு அதிகம் போடும் வட இந்திய மாடுகளில் இதை மறக்கவே கூடாது.

இதே கருவியில் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. ஊசியில் வரும் ஹார்மோன் பெரும்பாலும் எஸ்டர் வடிவில், அதாவது ஒரு அமிலத்தோடு இணைத்த வடிவில் இருக்கும், எஸ்ட்ராடியால் பென்சோயேட், டெஸ்டோஸ்டிரோன் சைபியோனேட் மாதிரி. அந்த எஸ்டரை மாட்டின் உடம்பு தயாரிப்பதில்லை. அது முடியில் போய் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இருக்கும். ஆகவே வால் முடியோ கழுத்து முடியோ ஒரு கொத்து வெட்டி எடுத்து எஸ்டர் பார்த்தால், இயற்கை ஹார்மோனைப் போட்டவரையும் நேரடி ஆதாரத்தோடு பிடிக்கலாம். மாட்டுக்கு வலி இல்லை, ஐஸ் பெட்டி வேண்டாம், கவரில் போட்டுக் கூரியரில் அனுப்பலாம். கறவை மாட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிளென்பியூடெரால் போன்ற தசை கூட்டும் மருந்துகளை முடியில் தேடும்போது மட்டும் நிறத்தைப் பாருங்கள், கருப்பு முடி அதை அதிகம் பிடித்து வைக்கும், வெள்ளை முடி குறைவாக.

## கார்பன் ஐசோடோப்பு

இது அழகான வழி, நம் ஊருக்குக் கூடுதலாகப் பொருந்தும் வழி. செயற்கை டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ட்ராடியாலும் பெரும்பாலும் சோயா போன்ற செடிகளின் ஸ்டீராலிலிருந்து தயாராகின்றன. சோயா, நெல், கடலை எல்லாம் ஒரு வகை ஒளிச்சேர்க்கை, அவற்றில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் குறைவு, அதன் விகிதத்தைக் காட்டும் அளவுகோலில் ஏறத்தாழ மைனஸ் 27. மக்காச்சோளம், சோளம், கரும்பு, நேப்பியர், ராகி எல்லாம் இன்னொரு வகை, மைனஸ் 12, 13 பக்கம் நிற்கும். மாடு எதைத் தின்கிறதோ அதன் கையெழுத்து அதன் ஹார்மோனிலும் இருக்கும். அப்படியானால் ராகித் தாளும் சோளத்தட்டையும் தின்னும் கோலார் மாட்டின் மூத்திரத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோன் கழிவு சோயாவின் கையெழுத்தோடு வந்தால், ஊசி என்று அடித்துச் சொல்லலாம். அதே மாட்டின் உடம்பிலேயே சுரக்கும் டிஎச்இஏ போன்ற இன்னொரு ஸ்டீராய்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், வித்தியாசம் போதுமான அளவு இருந்தால் முடிவு உறுதி.

தஞ்சாவூர்ப் பக்கம் வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டில் இது தடுமாறும், ஏனென்றால் நெல்லும் சோயாவும் ஒரே பக்கம். ஐரோப்பியப் புல் மேயும் மாடுகளிலும் இதே சிக்கல்தான். ஆகவே மாதிரி எடுக்கும்போது தீவனக் குறிப்பு எழுதாமல் வந்தால் பாதி வேலை வீண். பால்காரரிடம் "என்ன போடுறீங்க?" என்று கேட்டால் "புல்லுதான்" என்பார், தொட்டியை எட்டிப் பார்த்தால் புண்ணாக்கும் தவிடும் ஊறிக்கொண்டிருக்கும். கேட்டதை எழுதாமல் பார்த்ததை எழுதுங்கள்.

செலவு அதிகம், மூத்திரம் நிறைய வேண்டும், சுத்தம் செய்யும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். சல்லடையாக இதை வைக்க முடியாது. கடைசிக் கட்ட உறுதிக்கு மட்டும்.

## பயோமார்க்கர்

பூனை பாலைக் குடித்துவிட்டது என்று சந்தேகம், கிண்ணம் காலி, பால் எங்கும் இல்லை. அப்போது மீசையைப் பார்ப்போம். பயோமார்க்கர் அந்த வேலையைச் செய்கிறது. மருந்து கரைந்து போயிருக்கலாம், ஆனால் அது திசுவில், புரதத்தில், வளர்சிதை மாற்றத்தில் உண்டாக்கிய மாற்றம் இன்னும் சில காலம் நிற்கும். எந்த மருந்து என்று தெரியாவிட்டாலும், கலந்து போட்டிருந்தாலும் விளைவு தெரியும். இதில் மூன்று கிளை உண்டு, மூன்றும் ஒன்றல்ல.

திசு. பழையது, மலிவானது, என் கருத்தில் இன்றும் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படுவது. எஸ்ட்ரோஜன் போட்ட ஆண் மாட்டின் புரோஸ்டேட்டிலும் அதன் அருகிலுள்ள பல்போயூரெத்ரல் சுரப்பியிலும் சுரக்கும் செல்கள் தட்டையான, அடுக்கடுக்கான செல்களாக மாறியிருக்கும். நல்ல ஸ்லைடில் இதைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்: ஒழுங்காக ஒற்றை வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் தோல் மாதிரி மேலே மேலே அடுக்கியிருக்கும், குழாயின் வழி அடைபட்டுப்போயிருக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த இளம் மாட்டில் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பி சுருங்கிக் கொழுப்பு புகுந்திருக்கும். இத்தாலி தன் தேசியக் கண்காணிப்பில் இந்தத் திசுச் சோதனையைச் சேர்த்தே வைத்திருக்கிறது. ஃபார்மலின், மைக்ரோடோம், சாதாரண சாயம், மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். செலவெல்லாம் கண் பழகிய நோயியல் ஆள் மேல்தான். மாடு வெட்டப்பட்ட பிறகுதான் கிடைக்கும் என்பது இதன் எல்லை. வயதான எருமையில் தைமஸ் வயதாலேயே சுருங்கிப்போயிருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் கர்நாடகத்துக்குள் வெட்டப்படும் எருமையில் இதற்குப் பயன் குறைவு, இளம் ஆண் எருமை வரும் ஏற்றுமதிக் கூடத்தில் பயன் அதிகம்.

ரத்தப் புரதங்கள். பால் கம்பெனிக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பால் கூட்டும் செயற்கை வளர்ச்சி ஹார்மோன், அதாவது ஆர்பிஎஸ்டி, 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஐரோப்பாவிலும் கனடாவிலும் அனுமதி இல்லை. அது ஒரு புரதம், மாட்டின் சொந்த ஹார்மோனிலிருந்து முனையில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ரத்தத்தில் அதைத் தேடிப் பிடிப்பது கடினம், பாலில் அதைவிடக் கடினம். ஆனால் ஊசி போட்ட மாட்டில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதம் ஏறும், ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதம் மாறும், பல மாடுகளில் அந்த ஊசிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இவற்றைச் சேர்த்தே அளந்து முடிவு சொல்லும் முறையை உருவாக்கினார்கள், ஆன்டிபாடியைப் பாலிலும் தேடிக் காட்டினார்கள். இதில் ஒரு வசதி: மாட்டின் ஐஜிஎஃப்-1உம் மனிதனின் ஐஜிஎஃப்-1உம் அமினோ அமில வரிசையில் ஒன்றேதான், ஆகவே மனித ரத்தத்துக்கான கிட் வேலை செய்யும், ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களை அமிலம், எத்தனால் கொண்டு முதலில் பிரித்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் எண் முழுக்கப் பொய்.

ஒரே குறியீட்டை நம்பாதீர்கள். கன்று போட்ட முதல் வாரங்களில் மாடு தின்பதைவிடக் கறப்பது அதிகம், அப்போது ஐஜிஎஃப்-1 தானாகவே இறங்கி நிற்கும். வறட்சியில் இளைத்த மாட்டிலும் அப்படியே. ஆஸ்டியோகால்சின் வயதோடு குறையும், டெக்ஸாமெத்தசோன் போட்டாலும் குறையும், அதுவும் மருத்துவக் காரணத்துக்காக டாக்டரே போட்டிருக்கலாம்.

மெட்டபாலோமிக்ஸ். மூத்திரத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான சின்ன மூலக்கூறுகளை ஒரே ஓட்டத்தில் பார்த்து, ஊசி போட்ட கூட்டத்தின் சாயல் தெரிகிறதா என்று கணக்குப் போடுவது. பிரான்சின் நாந்த்தில் இருக்கும் லேபெர்கா ஆய்வகம் இதில் முன்னோடி. ஆய்வுக்கு அருமையான களம். தொழிலுக்கு இப்போதைக்கு எடுக்காதீர்கள். எட்டு மணிக்கு ஆனேக்கல்லில் பிடித்த மூத்திரம் சில்க் போர்டு நெரிசலில் நின்று மத்தியானம் லேபுக்கு வந்தால், நடுவில் பாக்டீரியா செய்த வேலையைத்தான் நீங்கள் அளப்பீர்கள்.

மூன்றுக்கும் பொதுவான பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அது எந்தக் கொட்டேஷனிலும் வராது: "நல்ல மாடு" எப்படி இருக்கும் என்ற அடிப்படைத் தரவு. வெளிவந்திருக்கும் வரம்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களுக்கு. ஹல்லிகர் நாட்டு மாட்டுக்கும், ஜெர்சிக் கலப்புக்கும், முர்ரா எருமைக்கும் அவை பொருந்தும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. ஊசியே போடாத மாடுகளிலிருந்து, வயது, பால், சினை, தீவனம், பருவம் எல்லாம் பிரித்து, நூற்றுக்கணக்கில் மாதிரி சேர்த்தால்தான் உங்கள் வரம்பு கிடைக்கும்.

அப்புறம் கணக்கு. 1000 மாட்டில் 10 மாட்டுக்கு ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை இரண்டு பக்கமும் 95 சதவீதம் சரி. ஊசி போட்டதில் ஒன்பதோ பத்தோ பிடிபடும், போடாத 990இல் ஏறத்தாழ 50 தப்பாகப் பிடிபடும். சிவப்புக் கொடி விழுந்த 60இல் 50 குற்றமற்றவை. இதைப் பார்த்து "உபயோகமில்லை" என்கிறவர்கள் உண்டு, நான் அதை ஏற்கவில்லை. 1000 மாதிரியை விலையுயர்ந்த கருவிக்கு அனுப்ப வேண்டிய இடத்தில் 60 அனுப்பினால் போதும் என்று ஆகிறதே, அதுதான் இதன் பலன். அந்த 60 பேரின் பெயர் உறுதி ஆகும்வரை லேபை விட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | இயற்கை ஹார்மோனைப் பிடிக்குமா | மாதிரி | சட்டத்தின் முன் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| எலிசா | அளவு மட்டும் | ரத்தம், மூத்திரம், பால் | சந்தேகம் மட்டும் | காலாவதி, தீவனப் பூஞ்சையால் தப்பு |
| எல்சி-எம்எஸ்எம்எஸ் | மூலம் தெரியாது | மூத்திரம், திசு | நிற்கும் | பராமரிப்பு, ஆள் |
| முடியில் எஸ்டர் | பிடிக்கும், எஸ்டர் ஊசி என்றால் | முடி | நிற்கும் | வெளி லேபில் முறை இருக்கிறதா என்ற தேடல் |
| ஐசோடோப்பு | பிடிக்கும் | நிறைய மூத்திரம் | நிற்கும் | தீவன விவரம், நேரம் |
| திசு | விளைவைக் காட்டும் | வெட்டிய பின் சுரப்பி | சந்தேகம் மட்டும் | பழகிய கண் |
| ரத்தப் புரதம் | விளைவைக் காட்டும் | ரத்தம், ஓரளவு பால் | சந்தேகம் மட்டும் | அடிப்படைத் தரவு |

## யாருக்கு எது

பால் எடுக்கும் கம்பெனி என்றால் கருவி வாங்காதீர்கள். ஆர்பிஎஸ்டி சந்தேகத்துக்கு ஐஜிஎஃப்-1உம் ஆன்டிபாடியும் சேர்த்துப் பாருங்கள், ஸ்டீராய்டு சந்தேகத்துக்கு முடி. ஆனால் உங்களில் பெரும்பாலோர் உண்மையில் கவலைப்படுவது மடியில் பால் இறங்கச் செய்யும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் பற்றி. அதற்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அது ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும், கறக்கும்போது இயற்கையாகவும் சுரக்கும். 2018இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பைத் தடுத்து, இதே பெங்களூரில் இருக்கும் பொதுத்துறை நிறுவனமான கேஏபிஎல்லுக்கு மட்டும் உரிமை கொடுத்தது, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மருந்து பிரசவத்துக்குத் தேவை, அதனால் புழக்கத்தில் இருக்கும். கொட்டகையில் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் குப்பியும், மடி சுரக்க ஒவ்வொரு வேளையும் ஊசியும் கண்ணில் பட்டால் அதுவே ஆதாரம். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் விதத்தில் பால் கூட்ட ஊசி போடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம். லேபுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நல்ல கால்நடை மருத்துவரைக் கறவை நேரத்துக்கு அனுப்புங்கள்.

ஏற்றுமதி இறைச்சிக்காரர்களுக்கு: இளம் ஆண் எருமைகளில் திசுவைச் சல்லடையாக வையுங்கள், சந்தேகப்பட்டதை மட்டும் எல்சி-எம்எஸ்எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். காது மடலின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கவும் ஆளைப் பழக்குங்கள், தோலுக்கு அடியில் அரிசி போலச் சின்னச் சின்ன உருண்டைகள் வரிசையாகத் தட்டுப்பட்டால் அது இம்பிளான்ட், ஹார்மோனை மெல்ல மெல்ல விடுவதற்குப் பதித்தது. அதற்குச் செலவே இல்லை.

சட்ட நடவடிக்கைக்கு மாதிரி எடுக்கும் அதிகாரி என்றால் எல்சி-எம்எஸ்எம்எஸ், எஸ்டர், ஐசோடோப்பு, இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் அறிக்கையின் முடிவு வரியில் எழுதாதீர்கள். பயோமார்க்கர் எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று சொல்லும், அங்கே போய் எடுப்பதுதான் சாட்சி.

ஆய்வு மாணவர்களுக்கு: இன்னொரு புதுக் குறியீட்டைக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். ஹல்லிகரிலும் முர்ராவிலும் ஐஜிஎஃப்-1, ஆஸ்டியோகால்சின் இயல்பு வரம்பு என்ன, கோடையில் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு, கன்று போட்ட எத்தனையாவது நாளில் எவ்வளவு என்று அளந்து வையுங்கள். சீரத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் போட்டு, ஒவ்வொன்றிலும் மாட்டின் வயது, ஈத்து, தீவனம், கடைசியாக டாக்டர் போட்ட மருந்து நான்கையும் எழுதி ஒட்டுங்கள். இங்கே சோதனை நடத்த விரும்பும் எல்லோருக்கும் முதலில் தேவைப்படுவது அந்தப் பெட்டிதான்.